கிட்டாரைப் பார்க்க வந்தவர்

கச்சேரிக்கு வருகிறவர்களில் பல ரகம் உண்டு. பாடகரைப் பார்க்க வருகிறவர்கள், பாட்டைக் கேட்க வருகிறவர்கள், டிக்கெட் எடுத்துக் கொடுத்த காதலிக்காக வருகிறவர்கள், பீர் கவுன்டருக்கும் கழிப்பறைக்கும் நடந்தே பொழுதைப் போக்குகிறவர்கள். இவர் எதிலும் சேராதவர். இவர் கிட்டாரைப் பார்க்க வந்தவர்.

லண்டன் ஓ2 அரங்கில் குயீன் குழு வாசிக்கும் இரவுகளில் இவரைத் தப்பாமல் காணலாம். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். பழைய டூர் ஒன்றில் வாங்கிய கறுப்பு டி-ஷர்ட் போட்டிருப்பார். வயிற்றுப் பகுதியில் ஊர்ப் பெயர்கள் மட்டும் சற்று அகலமாகியிருக்கும். கழுத்தில் பைனாகுலர் தொங்கும். மற்றவர்கள் மேடைக்கு எவ்வளவு பக்கம் என்று பார்த்து டிக்கெட் வாங்குவார்கள். இவர் மேடையின் எந்தப் பக்கம் என்று பார்த்து வாங்குவார். குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே வழக்கமாக நிற்கிற பக்கம் கிடைத்தால் கூரைக்கு அடியில் கடைசி வரிசையானாலும் சரி.

விளக்கு அணையும். இருபதாயிரம் பேர் கத்துவார்கள். இவர் கத்த மாட்டார். பைனாகுலரைத் திருகிக்கொண்டே இருப்பார். பிறகு நிம்மதியாக மூச்சு விட்டு, முன்பின் தெரியாத நம் பக்கம் திரும்பி, "அசல்தான். ஸ்பேர் இல்லை" என்பார். அவரைப் பொறுத்தவரை டிக்கெட் காசு அந்த நிமிடமே வசூலாகிவிட்டது.

பாடகர் ஆடம் லாம்பர்ட் மேல் இவருக்குப் பகை ஏதும் இல்லை. நல்ல குரல் என்றுகூடச் சொல்வார். கிட்டாருக்கு முன்னால் வந்து நிற்கும்போது மட்டும் கழுத்தை நீட்டி, "தள்ளுப்பா" என்று முணுமுணுப்பார்.

"அந்தச் சிவப்புக் கிட்டாரின் கழுத்து என்ன மரம் தெரியுமா?" என்று ஆரம்பிப்பார். நமக்குத் தெரியாது. நமக்குத் தெரியாது என்பது அவருக்கும் தெரியும். தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் அவருக்கு அந்த இரவே பாழ்.

கதை 1963இல், லண்டனின் மேற்கு ஓரத்தில் ஃபெல்தம் என்ற இடத்தில் தொடங்கும். பிரையனுக்குப் பதினாறு வயது. கடையில் தொங்குகிற ஃபெண்டர் கிட்டாரை வாங்க வீட்டில் வசதியில்லை. அப்பா ஹாரால்டு மின்னணுவியல் தெரிந்தவர், கைவேலைக்காரர். "நாமே செய்துவிடுவோம்" என்று இருவரும் உட்கார்ந்தார்கள். முடிக்கச் சுமார் இரண்டு வருடம் ஆயிற்று. கழுத்துக்கு, யார் வீட்டிலோ கழற்றிப் போட்ட பழைய கணப்படுப்பின் மகோகனிச் சட்டம். அதில் பூச்சி அரித்த ஓட்டைகள் இருந்தன. தீக்குச்சியைச் செருகி அடைத்தார்கள். கழுத்தில் மின்னும் வெள்ளைப் புள்ளிகள் அம்மாவின் தையல் பெட்டியில் இருந்த சட்டைப் பொத்தான்கள். ஸ்வரத்தை நெளிக்கிற கைப்பிடியின் நுனியில் அம்மாவின் பின்னல் ஊசி. உள்ளே கம்பிகளின் இழுவையைத் தாங்குபவை ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள்.

இதைச் சொல்லி முடிப்பதற்குள் மேடையில் நான்கு பாட்டு போய்விடும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் கைதட்டல் வரும்போது இவர் பொறுமையாக நிறுத்தி, ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். "எங்கே விட்டேன்? ஆங், வால்வு ஸ்பிரிங்."

பிறகு பாக்கெட்டிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து நம் உள்ளங்கையில் வைப்பார். பழைய ஆறு பென்ஸ் காசு. 1980லேயே செல்லாமல் போனது. பிரையன் மே பிளாஸ்டிக் பிக் தொடுவதில்லை. இந்தக் காசால்தான் கம்பியை மீட்டுகிறார். "விளிம்பைத் தடவிப் பாருங்கள்." வரி வரியாகக் கீறியிருக்கும். அந்த வரிகள் கம்பியில் உரசும்போது ஒவ்வொரு ஸ்வரத்தின் தலையிலும் மெல்லிய கரகரப்பு வரும் என்பார். நாம் தலையாட்டுவோம். காசை மறக்காமல் திரும்ப வாங்கிக்கொள்வார்.

நடுவில் 'லவ் ஆஃப் மை லைஃப்' வரும். பிரையன் தனியாக, பன்னிரண்டு கம்பி அக்குஸ்டிக் கிட்டாரோடு உட்காருவார். அரங்கம் முழுவதும் செல்போன் வெளிச்சம். குழுவின் மறைந்த பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி திரையில் தோன்றிக் கூடவே பாடுவார். பக்கத்து வரிசையில் பெரியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். நம்மவர் நாற்காலி காலியாக இருக்கும். சிவப்புக் கிட்டாரைக் கீழே வைத்தாயிற்று அல்லவா, அவர் கழிப்பறைக்குப் போய்விட்டார். "இப்போதுதான் அங்கே கூட்டமே இருக்காது" என்று திரும்பி வந்து நமக்கும் யோசனை சொல்வார்.

'ராப்சடி' டூரில் கிட்டார் தனி ஆவர்த்தனத்துக்குப் பிரையன் மே ஒரு செயற்கை விண்கல்லின் மேல் நின்று உயரே எழும்புவார். சுற்றிலும் கோள்கள் மிதக்கும். பொருத்தமான ஏற்பாடுதான். மனிதர் சூரியக் குடும்பத்துத் தூசிப்படலத்தை ஆராய்ந்து, எழுபதுகளில் பாதியில் விட்டதை 2007இல் முடித்து, இம்பீரியல் கல்லூரியில் டாக்டர் பட்டம் வாங்கியவர். அரங்கமே வாயைப் பிளந்து பார்க்கும். "விண்கல் பிரமாதம், இல்லையா?" என்று இவரைக் கேட்டுப் பாருங்கள். "எந்தக் கல்?" என்பார்.

ஆனால் அந்த நேரத்தில்தான் இவர் ஒரு காரியம் செய்வார். நம் கையைப் பிடித்து, "ஸ்விட்சைத் தட்டுவார், கேளுங்கள்" என்பார். அந்தக் கிட்டாரில், கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற பிக்கப் மூன்று. ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்விட்ச்: ஒன்று அதை இயக்கவும் நிறுத்தவும், இன்னொன்று அதன் மின்னலையைத் தலைகீழாகத் திருப்பவும். கடையில் வாங்கும் சாதாரண ஃபெண்டர் ஸ்ட்ராட்டில் இந்த வசதி கிடையாது. விரல் அசையும், பருத்து உருண்டு வந்துகொண்டிருந்த ஒலி சட்டென்று மெலிந்து மூக்கால் பாட ஆரம்பிக்கும். அவர் சொல்லியிருக்காவிட்டால் என் காதில் அது விழுந்திருக்காது. சொன்ன பிறகு, இப்போது எந்தக் குயீன் பாட்டைப் போட்டாலும் அந்த இடம் வந்து காதில் இடிக்கிறது. பக்கத்து நாற்காலிக்காரரால் இப்படியும் ஒரு லாபம்.

மற்றக் கிட்டார்கள் மேல் இவருக்கு மரியாதை குறைவு. பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மோர் வைத்திருந்த கறுப்பு ஸ்ட்ராட் 2019இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 39.75 லட்சம் டாலருக்குப் போயிற்றே என்று எடுத்துக்கொடுத்தால், "கடையில் வாங்கின கிட்டார்தானே அது!" என்று ஒரே வார்த்தையில் அடித்துவிடுவார்.

வீட்டில் இவரிடம் அதே வடிவத்தில், அதே சிவப்பில், அச்சடித்தது போன்ற நகல் கிட்டார் இருக்கும். ஒன்று என்றுதான் வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், மூன்று இருக்கிறது. எல்லாம் ஒரே நிறம் என்பதால் எண்ணிக்கை வெளியே தெரிவதில்லை. இந்த இனத்தார் ஒரே மாடலில் இவ்வளவு பக்தியாக இருப்பதன் காரணம் இதுவாகவும் இருக்கலாம். புதிதாக ஒன்று கண்ணில் பட்டு மனைவி விசாரித்தால், "இதா? ரொம்ப நாளாக இருக்கிறதே!" என்பார். வாக்ஸ் ஏசி30 ஆம்ப் ஒன்றும் உண்டு. மேடையில் பிரையன் மேயின் ஆள் வைப்பது அந்த ஆம்ப்களின் ஒரு சுவர். இவர் வீட்டில் ஒன்றை முழுசாகத் திருப்பியதற்கே பக்கத்து வீட்டுக்காரர் கவுன்சிலுக்குக் கடிதம் எழுதிவிட்டார்.

வாசிப்பாரா? வாசிப்பார், பாட்டின் முதல் எட்டு விநாடி. பிறகு டோன் சரியில்லை என்று எழுந்து ஆம்பின் குமிழைத் திருகுவார். மறுபடி எட்டு விநாடி. காசை மாற்றிப் பார்ப்பார். ஒயரை மாற்றுவார். சாப்பாட்டு நேரம் வந்துவிடும். மரம், பொத்தான், பின்னல் ஊசி எல்லாவற்றையும் ஆராய்ந்தவர், அந்தக் கிட்டாரோடு கூடவே வருகிற பத்து விரல்களைப் பற்றி மட்டும் நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இவர் பக்கத்தில் இடம் கிடைத்தால் எழுந்து ஓடாதீர்கள், நல்ல துணைதான். ஒன்றே ஒன்று. கச்சேரி முடிந்து எல்லாரும் நார்த் கிரீனிச் ஸ்டேஷனுக்கு விரைகிற நேரத்தில், மரியாதைக்காகக்கூட, "நீங்களும் வாசிப்பீர்களா?" என்று கேட்டுவிடாதீர்கள். கடைசி ரயில் போய்விடும்.