குளத்தங்கரையை உடைய வைக்கச் சில யோசனைகள்

குற்றாலத்தில் சாரல் விழுந்ததும் மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் போன் வரும். ஐந்தருவியில் தண்ணி எப்படி, மெயினருவியில் குளிக்க விடுகிறார்களா என்று கேட்பார்கள். செங்கோட்டைப் பக்கம் 36.10 அடி குண்டாறு அணை நிரம்பினால் அது செய்தி. மேக்கரையின் 132 அடி அடவிநயினார் அணைக்கும் கடையத்தின் 84 அடி ராமநதி அணைக்கும் அன்றாட நீர்மட்டம் பத்திரிகையில் வரும். உங்கள் ஊர்க் குளத்தின் மண்கரை எப்படி இருக்கிறது என்று மட்டும் ஒருத்தரும் விசாரிக்க மாட்டார்கள். கரையை உடைய விட நினைப்பவருக்கு இதைவிட நல்ல வசதி கிடையாது, அண்ணாச்சி.

முதலில் மறுகாலைக் கவனியுங்கள். மண்கரை மேல் தண்ணீர் வழிந்தால் பின்சரிவு அரித்துக்கொண்டு போய்விடும் என்பதால்தான், மிஞ்சிய தண்ணீர் போக முன்னோர்கள் ஓர் ஓரத்தில் கல் கட்டி வழி விட்டார்கள். அதில் மணல் மூட்டை அடுக்கி ஓரடித் தண்ணீர் கூடுதலாகத் தேக்குங்கள். பிசான நெல்லுக்கு ஆகும் என்று ஊரே உங்களைப் பாராட்டும். மறுகாலுக்குக் கீழே போகும் ஓடையில் யாராவது வீடு கட்டியிருந்தால் இன்னும் விசேஷம். கரைமேல் டிராக்டர் போய்ப் போய்ப் பள்ளமான இடம் இருக்குமே, அதை நிரப்ப வேண்டாம். கரையின் உயரம் என்பது அதன் மிகத் தாழ்ந்த இடத்தின் உயரம்தான். எங்கே உடைய வேண்டும் என்று தண்ணீருக்கு அடையாளம் வைத்த மாதிரி இருக்கும்.

அடுத்தது எல்லாவற்றையும்விட முக்கியம்: கரையின் பின்பக்கம் போகவே கூடாது. குளம் நிரம்பினால் ஊரே முன்பக்கம் நின்று போட்டோ எடுக்கும், நீங்களும் அங்கேயே நில்லுங்கள். சங்கதி எல்லாம் பின்னால், கரை தரையைத் தொடும் அடிவாரத்தில் நடக்கும். மண்கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். கசிவு தெளிந்து வந்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கலங்கி வந்தால் தண்ணீரோடு கரையின் மண்ணும் கிளம்பிவிட்டது என்று அர்த்தம். உள்ளே ஒரு குழாய் உருவாகி, வெளிவாயிலிருந்து குளத்தை நோக்கிப் பின்னோக்கி வளர்ந்துகொண்டிருக்கும். கரைக்குள் மடை போகும் இடம் இதற்குத் தோதானது, ஏனென்றால் கட்டுமானமும் மண்ணும் சேரும் இடம் எப்போதுமே பலவீனம். எலிவளை, நண்டுவளை, பட்டுப்போன மரத்தின் வேர் மக்கி விட்டுப்போன துளை எல்லாம் உதவிக்கு வரும். சீமை உடையைக் கரைமேல் காடாக வளர விடுங்கள். அப்புறம் வளை எங்கே இருக்கிறது என்று தேடிப்பார்க்க எவன் முள்ளுக்குள் நுழைவான்?

விவரம் தெரிந்தவர் யாராவது, கலங்கி வரும் ஊற்றுக்கண்ணைச் சுற்றி மூட்டையால் வளையம் கட்டு, உள்ளே மணலைப் போட்டு மேலே சரளையைக் கொட்டு, தண்ணி போகட்டும் மண் நிற்கட்டும் என்பார். கேட்காதீர்கள். களிமண்ணும் வைக்கோலும் திணித்து வாயை இறுக அடையுங்கள். அங்கே அடைபட்ட தண்ணீர் நாலடி தள்ளி, இன்னும் கோபமாக வரும். முன்பெல்லாம் அறுவடைக்கு அறுவடை ஊரில் நெல் வாங்கிக்கொண்டு, ராத்திரியில் விளக்கோடு கரை நெடுக நடக்க ஓர் ஆள் இருந்தார். அவருக்குப் பதில் யாரையும் வைக்காதீர்கள். வாட்ஸ்அப் குழு ஒன்று போதும்.

கோடையில் கரம்பை மண் அள்ள அனுமதி கிடைத்தால் குளத்தின் நடுவுக்குப் போய்ச் சிரமப்பட வேண்டாம். லாரி நிற்கத் தோதாகக் கரையின் உள்ளடியிலேயே தோண்டுங்கள். கசிவைத் தடுத்துக்கொண்டிருந்த வண்டல் படலமும் போகும், சரிவைத் தாங்கிய அடிமண்ணும் போகும்.

சட்டத்தைப் பற்றிப் பயம் வேண்டாம். 2021-இல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளுக்கு. 10 முதல் 15 மீட்டர் வரை சில நிபந்தனைகளோடு. இரண்டு ஆள் உயரக் குளத்தங்கரை அதன் கண்ணிலேயே படாது. குளம் நீர்வளத்துறையுடையதா, ஊராட்சி ஒன்றியத்துடையதா என்ற கேள்வியை ஆயக்கட்டின் அளவு தீர்த்துவைக்கும். ஆகவே ஆயக்கட்டு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டால், மனுவும் இரண்டு அலுவலகத்துக்கும் மாறி மாறி நடந்துகொண்டே இருக்கும்.

மடையின் திருகு துருப்பிடிக்கட்டும். எண்ணெய் போட்டால் அவசர நேரத்தில் சுற்ற வந்துவிடும். 1977-இல் திண்டுக்கல் பக்கம் குடகனாறு அணையில் வெள்ளம் ஏறியபோது மின்சாரம் நின்று மதகுகளை முழுதாகத் தூக்க முடியவில்லை. மண்கரை மேல் தண்ணீர் வழிந்து அணை உடைந்தது. அவ்வளவு பெரிய அணைக்கே அந்தக் கதி என்றால், உங்களுடைய ஒற்றைத் திருகு எம்மாத்திரம்! தப்பித்தவறி மடை திறந்துகொண்டால், ஒரே மூச்சில் குளத்தை வடித்துவிடுங்கள். ஊறிக் கனத்த முன்சரிவு, தாங்கிநின்ற தண்ணீர் திடீரென்று இறங்கியதும் சரிந்து உட்காரும்.

மழையைப் பற்றிக் கேட்டால், நம்ம ஊரில் அவ்வளவு பெய்யாது என்று சொல்லுங்கள். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. தென்மாவட்டங்களில் பல குளங்கள் உடைந்தன. அது கடலோரம், இது மலையோரம் என்று வாதாடலாம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே நனைக்கிற ஊர் இது என்று யாராவது எடுத்துச் சொன்னால் பேச்சைக் குற்றாலச் சீசனுக்கு மாற்றுங்கள்.

கடைசியாக, உடையும் ராத்திரி கீழ்க்குளத்து ஊருக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு குளத்து மறுகால் அடுத்த குளத்துக்கு வரத்து என்றுதான் இங்கே எல்லாம் கோத்துக் கிடக்கிறது. அவர்களும் மறுகாலில் மூட்டை அடுக்கியிருந்தால் அந்தக் கரையும் விடியும் முன் போகும். அதற்கும் கீழே உள்ள குளம் வேறு ஒன்றியம், உங்களுக்குச் சம்பந்தமில்லை.