டெனெரீஃபுக்குக் குடும்பத்தோடு

கேள்வி: துபாயில் இருக்கும் என் வீட்டுக்காரர், ஸ்பெயினின் டெனெரீஃப் தீவுக்குக் குடும்பத்தோடு போய்விடலாம் என்கிறார். சரிப்படுமா?
– ஒரு வாசகி, லால்பேட்டை

பதில்: தாராளமாக யோசியுங்கள், சகோதரி. அத்தாவை செல்போன் திரையிலேயே பார்த்து வளரும் பிள்ளைகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்ன, எந்த அலைச்சலும் படலாம். அந்தத் தீவு நம்மவர்களுக்குப் புதிதுமல்ல; சிந்தி வணிகர்கள் நூறாண்டுக்கு முன்பே அங்கே கடை விரித்தவர்கள்தாம். ஆனால் எந்த விசா என்று கேளுங்கள். சேமிப்பைக் காட்டி வாங்கும் விசாவென்றால் அங்கே கடலைப் பார்க்கலாம், கடலை விற்க முடியாது, வேலைக்கே அனுமதியில்லை! அரசுப் பள்ளிகளில் பாடம் ஸ்பானிய மொழியில். சின்னவர்கள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள், பத்தாம் வகுப்புப் பிள்ளை திணறும். குடும்பத்துக்கு விசா வாங்க ஜமாஅத் நிக்காஹ் பதிவேடு மட்டும் போதாது. திருமணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து, அந்தச் சான்றுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை வாங்கி, ஸ்பானிய மொழிபெயர்ப்பும் இணைக்க வேண்டும். அதை இந்த வாரமே தொடங்குங்கள்.