நோஷனில் பாஸ், செமஸ்டரில் அரியர்

பொறியியல் கல்லூரி மாணவர் ஒருவரின் நோஷன் செயலிப் பக்கத்தைப் பார்த்தால் நாட்டின் எதிர்காலம் பற்றிய கவலையே போய்விடும். பாடத்துக்கு ஒரு நிறம், யூனிட்டுக்கு ஒரு கட்டம், உச்சியில் பனிமலைப் படம். இன்டர்னல் தேதி சிவப்பில், ரெக்கார்ட் நோட்டு மஞ்சளில். அந்தப் பக்கத்தில் இல்லாதது படிப்பு மட்டும்தான். இப்படித் திட்டம் போட உதவும் செயலிகள் எல்லாமே மறதிக்கு மருந்து. மாணவரின் வியாதியோ மறதி இல்லை. நாளைக்கு வைவா என்பதை எந்த மாணவர் மறந்தார்? அது மறக்காததால்தானே விடிய விடிய ரீல்ஸ் பார்க்கிறார்!

1994இல் பியூலர், கிரிஃபின், ராஸ் என்ற மூன்று உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கனடாவில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம், எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்று பதில் வந்தது. சரி, தொட்டதெல்லாம் தடங்கலானால்? 49 நாள் என்றார்கள். முடிக்க ஆனதோ 55க்கும் மேல். கெட்ட நேரத்துக்கென்று தனியாகக் கணக்குப் போட்டு, அதையும் தாண்டிவிட்டார்கள். அவர்களிடம் செயலி இருந்திருந்தால் அந்த 34ஐ நீலக் கட்டத்தில் போட்டு, முடியாததைத் தினமும் ஒரு விரலால் மறுநாளுக்குத் தள்ளியிருப்பார்கள். தாமதம் அதே தாமதம்தான், பார்க்க லட்சணமாக இருந்திருக்கும். 2011இல் மாசிகாம்போ, பாமெய்ஸ்டர் என்ற உளவியலாளர்கள் இன்னொன்றைக் காட்டினார்கள்: முடியாத வேலை மனத்தை அரித்துக்கொண்டே இருக்கும், அதற்குத் தெளிவாக ஒரு திட்டம் போட்டாலே அரிப்பு அடங்கிவிடும், வேலையைத் தொடக்கூட வேண்டாம். மற்றவர்களுக்கு இது நல்ல செய்தி. மாணவரை மேசைக்கு இழுத்துவந்ததே அந்த அரிப்பு ஒன்றுதான். அதையும் அடக்கிவிட்டால் மிச்சம் தூக்கம்தான்.

கருவிகளைப் படைத்தவர்கள் மேல் தப்பில்லை. ட்ரெல்லோ செயலியின் அட்டைப் பலகைக்கு மூதாதை டொயோட்டா தொழிற்சாலையின் கான்பான். அடுத்த கட்டத்திலிருந்து அட்டை வராமல் கூடுதலாக எதையும் செய்யாதே என்பது அதன் சட்டம். அதாவது, கையில் எடுக்கும் வேலையைக் குறைக்க வந்த முறை அது. நம் மாணவரின் பலகையிலோ ஆறு பாடமும் ‘நடந்துகொண்டிருக்கிறது’ என்ற பத்தியில் நிற்கும், ஒன்றும் நடக்காமல். பொமொடோரோ முறையை 1980களின் பிற்பகுதியில் கண்டுபிடித்த பிரான்செஸ்கோ சிரில்லோவும் அப்போது கல்லூரி மாணவர்தான். தக்காளி வடிவ சமையலறைக் கடிகாரத்தை முறுக்கி வைத்துப் படித்தார். 25 நிமிடம் படிப்பு, பிறகு சின்ன ஓய்வு. இன்று நல்ல பொமொடோரோ செயலி எது என்று தேடி முடிப்பதற்குள் நாலைந்து தக்காளி தீர்ந்துவிடும்.

“கிளாஸ் ரெப் அனுப்பும் தேதிகள் வாட்ஸ்ஆப் குழுவில் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு நடுவே புதைந்துபோகின்றனவே, அவற்றை எங்கே குறிப்பது?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தேதிக்கு ஒரு காலண்டர் கட்டாயம் வேண்டும், ஆனால் ஒன்றே போதும். குழு புராஜெக்டில் யார் வேலை செய்யவில்லை என்பதைப் பலகை காட்டிக்கொடுக்கும் என்பார்கள்; அது முதல் வாரமே ஊருக்கே தெரிந்த விஷயம். கொஞ்சம் கனமான ஆட்சேபம் உளவியலிலிருந்தே வருகிறது: எப்போது, எங்கே, எதைச் செய்வது என்று முன்கூட்டி முடிவு செய்பவர்கள் வேலையை முடிக்கும் வாய்ப்பு அதிகம் என்று கோல்விட்சர் என்ற உளவியலாளர் காட்டியிருக்கிறார். உண்மைதான். ஆனால் ‘சாப்பிட்டதும் லைப்ரரியில் மூன்றாம் யூனிட்’ என்ற ஒரு வரிக்கு ஜெராக்ஸ் தாளின் பின்பக்கம் போதாதா? பனிமலை எதற்கு?

ஸ்டடி லீவ் விட்டதும் முதல் வேலையாக நோஷனிலிருந்து ஆப்சிடியன் என்ற இன்னொரு குறிப்புச் செயலிக்குக் குடிபோகிறவர்களும் இருக்கிறார்கள். பழைய குறிப்புகளை மூட்டை கட்டி, புது இடத்தில் ஒவ்வொன்றுக்கும் டேக் ஒட்டி முடிக்கும்போது ஹால் டிக்கெட் வந்திருக்கும். அதை எந்த ஃபோல்டரில் போடுவது என்பதில் ஒரு முழுப் பகல் போகும்.