ஜேப்பு ரக்ஷண சாஸ்திரம்

பாயிரம்

களவு செய்வதற்குச் சாஸ்திரம் எழுதியவர்கள் உண்டு. களவு கொடாமல் இருப்பதற்குச் சாஸ்திரம் எழுதியவர்கள் இல்லை. சூத்திரகருடைய மிருச்சகடிக நாடகத்தின் மூன்றாம் அங்கத்தில், சாருதத்தன் வீட்டுச் சுவரில் கன்னம் வைக்க வரும் சர்விலகன், துளையைத் தாமரை வடிவில் இடுவதா, பிறை வடிவில் இடுவதா, பூர்ணகும்ப வடிவில் இடுவதா என்று ஒரு சிற்பியின் நிதானத்தோடு ஆலோசிக்கிறான். அளவு நூலை மறந்து வந்துவிட்டபடியால், மார்பில் கிடந்த பூணூலையே அளவு நூலாக்கிக் காரியத்தை முடிக்கிறான். சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையிலோ, கள்வருக்குத் துணையாவன எட்டு என்று பொற்கொல்லன் ஒருவன் காவலருக்குப் பாடமே நடத்துகிறான். இவ்வாறு தொழில் செய்கிறவன் பக்கத்தில் நூலும் உரையும் மரபும் குவிந்து கிடக்க, அத்தொழிலுக்கு ஆளாகிறவன் பக்கத்தில் இருப்பதெல்லாம், பேருந்து நிலையத்துத் தூணில் சாயம் போன எழுத்தில் தொங்கும் ‘திருடர்கள் ஜாக்கிரதை’ என்னும் பலகை ஒன்று மாத்திரமே.

இந்த அநீதியை ஓரளவேனும் நீக்கும்பொருட்டு, சென்னை மாநகரத்துப் பேருந்துகளையும் மின்சார ரயில்களையும் ஆராய்ச்சிக் கூடமாகக் கொண்டு இச்சிறு நூல் இயற்றப்படுகிறது. இதைக் கற்பதற்கு அதிகாரி யாவரெனின், ஜேப்பும் அதனுள் ஏதேனும் ஒன்றும் உடையவர். கற்றதனால் ஆய பயன் யாதெனின், இறங்கும்போதும் அது அங்கேயே இருத்தல்.

துணை எட்டின் விளக்கம்

பொற்கொல்லன் எண்ணிக் காட்டியவை மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்பன. அன்றைய மதுரையில் சொல்லப்பட்ட இவை இன்றைய சென்னைக்குப் பொருந்துமோ என்று ஐயுறுவோர், மாலை ஆறு மணிக்குப் பாரிமுனையில் ஏதேனும் ஒரு பேருந்தில் ஏறிப் பார்த்துத் தெளிவார்களாக.

இடமாவது படிக்கட்டு. வண்டியின் நடுவில் நிற்பவனுக்கு அடுத்தவனை முறைத்துப் பார்க்க அவகாசம் உண்டு. ஒரு கை கம்பியிலும் ஒரு கால் ஆகாயத்திலுமாகப் படியில் தொங்குபவனுக்கோ, உயிரைப் பற்றிய சிந்தனை மேலோங்கி நிற்பதால், பொருளைப் பற்றிய சிந்தனை தானாகவே இறங்கிப் போய்விடுகிறது. மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து ரங்கநாதன் தெருவுக்குள் ஜனங்கள் வழிந்து இறங்கும் பாதையும் இவ்வகையில் ஓர் உத்தம க்ஷேத்திரமே. தீபாவளிக் காலத்தில் காவல்துறையார் தியாகராய நகரில் கண்காணிப்புக் கோபுரம் எழுப்பி, ஒலிபெருக்கியில் இடைவிடாது எச்சரித்துக்கொண்டிருப்பது அந்த க்ஷேத்திர மகிமையை உணர்ந்ததனால்தான். காலமாவது, ஸ்தூலமாகச் சொன்னால் சம்பளம் வந்த முதல் வாரமும் பண்டிகைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமையும். சூக்ஷ்மமாகச் சொன்னால் வண்டி நிற்பதற்கும் ஆள் இறங்குவதற்கும் இடைப்பட்ட அந்த அரை நிமிஷம்.

கருவியாவது இரண்டாக ஒடித்த சவர பிளேடின் ஒரு பாதி. அது விரலிடுக்கில் அடங்குவது. அகப்பட்டுக்கொண்டால் ஜன்னல் வழியே எறியத்தக்கது. ஆயினும் பிளேடு உபகருவியேயன்றிப் பிரதான கருவி ஆகாது. பிரதான கருவி மறைப்பு: மடித்த செய்தித்தாள், தோளிலிருந்து நழுவிக்கொண்டேயிருக்கும் துண்டு, உள்ளே ஒன்றுமில்லாத பெரிய பை. வெறும் பையை நெஞ்சளவு தூக்கிப் பிடித்திருப்பவனைக் கண்டால், பையை நோக்காமல், அதன் கீழே மறைந்திருக்கும் மற்றொரு கை என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை நோக்குக.

மந்திரமாவது, “சார், கொஞ்சம் தள்ளிக்குங்க” என்பது. இதைக் கேட்ட மாத்திரத்தில் எவனும் தன் கால் வைப்பதற்கு இடம் தேடக் குனிவான். மனம் காலுக்குப் போனபின் ஜேப்பு அநாதை. மருந்தாவது நெடுந்தூர ரயில்களில் அன்போடு நீட்டப்படும் மயக்க பிஸ்கட். அந்நியர் தரும் தின்பண்டத்தை உண்ணாதீர் என்று ரயில்வேயார் எச்சரிப்பது இதுபற்றியே. தெய்வமாவது கூட்டம். சர்விலகன் முருகப் பெருமானைத் தொழுதான். இன்றையவன் தொழும் பிரத்யக்ஷ தெய்வம், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தும் எதற்கும் சாட்சி சொல்ல வராத இந்தக் கூட்டமே.

தந்திரம் சற்று விரிவாகச் சொல்லத்தக்கது. இத்தொழில் தனியொருவனால் ஆவதன்று. முன்னே ஒருவன் திடீரென்று நின்று, “அண்ணா நகர் போகுமா?” என்று கண்டக்டரைக் கேட்கிறான், பின்னே ஒருவன் நெருக்குகிறான், மூன்றாமவன் எடுக்கிறான், எடுத்தது நான்காமவனோடு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுகிறது. மூன்றாமவனைப் பிடித்து உதறினாலும் அவனிடம் ஒன்றும் அகப்படாது என்பதோடு, உதறியவரே மன்னிப்புக் கேட்க நேரிடும். வங்கி வாசல்களில் இதற்கு வேறொரு பாட பேதம் வழங்குகிறது. தரையில் பத்து ரூபாய் நோட்டுகள் சிலவற்றைச் சிதறவிட்டு, “சார், உங்க பணம் கீழே விழுந்திருக்கு பாருங்க” என்கிறார்கள். லக்ஷ ரூபாயை வண்டியில் வைத்திருப்பவர் பத்து ரூபாய்க்குக் குனிகிறார். நிமிரும்போது வண்டியில் பை இல்லை. காவல் நிலையத்தில் இதைக் கவனத்தைத் திசை திருப்பிய கொள்ளை என்று எழுதிக்கொள்வார்கள். பத்து ரூபாய்க்குக் குனியாத மனிதனை இறைவன் இன்னும் படைக்கவில்லை என்பதையும் கூட எழுதிக்கொண்டால் நன்று.

எஞ்சியது நிமித்தம், அதாவது சகுனம். பறவை பறக்கும் திசையைப் பார்த்துப் புறப்பட்டவர்கள் பழைய கள்வர்கள். இன்றையவனுக்குச் சகுனம் சொல்வது மேற்சொன்ன அறிவிப்புப் பலகையே. ‘திருடர்கள் ஜாக்கிரதை’ என்பதைப் படித்ததும் ஒவ்வொரு பிரயாணியும் தன்னையறியாமல் ஓரிடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறான். ஒருவன் இடுப்பை, ஒருவன் பின்புறத்தை, ஒருத்தி முந்தானைக்குக் கீழே. அரசாங்கச் செலவில் வைக்கப்பட்ட பலகையின் கீழ் நின்று, இன்னாருடைய பொருள் இன்ன இடத்தில் உள்ளது என்று எவரையும் கேளாமலே அறிந்துகொள்ளும் வசதி சர்விலகனுக்குக்கூட வாய்க்கவில்லை.

அவனுக்கு வாய்த்ததும் ஏறக்குறைய இதுவேதான். சாருதத்தனிடம் வசந்தசேனை அடைக்கலமாக வைத்த நகைப் பேழையைக் காக்கும் பொறுப்பு, அவன் நண்பன் மைத்திரேயன் தலையில் விழுந்திருந்தது. அதே கவலையாகத் தூங்கியவன், தூக்கத்திலேயே, பேழையைப் பெற்றுக்கொள்ளுமாறு வற்புறுத்தி, எதிரே நிற்பவன் நண்பன் என்ற நினைவில் திருடன் கையிலேயே கொடுத்துவிடுகிறான். கவலையே காட்டிக்கொடுக்கும் என்னும் நமது முதற் சூத்திரத்துக்கு இதைவிடப் பழமையான பிரமாணம் வேண்டுவதில்லை.

ஜேப்புகளின் தராதரம்

இனி ஜேப்பு வகைகள். சட்டையின் மேல் ஜேப்பு அதமம். மெல்லிய வெள்ளைச் சட்டையாயின் நோட்டின் நிறமும் வெளியே தெரியும். கால்சட்டையின் பின் ஜேப்பு அதமத்திலும் அதமம். உடையவன் கண்ணுக்கு எட்டாததும் ஊரார் கண்ணுக்கு எட்டுவதும் ஆகிய ஓரிடத்தில் பொருளை வைப்பது எந்த நீதியின்பாற்பட்டது என்பது விளங்கவில்லை. பக்க ஜேப்பு மத்திமம். இடுப்பில் செருகிய சுருக்குப் பை உத்தமம். சுருக்குக் கயிற்றை இழுத்துத் திறக்க ஆச்சிக்கே இரண்டு கையும் நல்ல வெளிச்சமும் வேண்டும். ஊக்குக் குத்திய முந்தானையும் அவ்வாறே.

வேட்டிக்கு உள்ளே பட்டாபட்டி டவுசரில் அமைந்த ஆழமான பை காவலில் நிகரற்றது என்பர். அது உண்மையே; ஆனால் காவல் உடையவனுக்கும் எதிராகவே நிற்கிறது. ஊரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் எழும்பூர் ரயில் நிலையத்து டிக்கெட் ஜன்னலுக்கு முன்னால், பின்னே நிற்கும் வரிசை முணுமுணுக்க, வேட்டியை ஒரு பக்கம் மெல்ல உயர்த்தி, முழங்கை வரை கையைச் செலுத்தி, முதலில் ஒரு பொடி மட்டையையும், பிறகு மடித்த ஒரு மருந்துச் சீட்டையும், கடைசியில் ரப்பர் வளையம் சுற்றிய நோட்டுச் சுருளையும் வெளிக்கொணர்ந்து, வளையத்தை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, எச்சில் தொட்டு எண்ணுகிற காட்சியைக் கண்டவர்கள், ரகசியம் என்பது எவ்வளவு பகிரங்கமாக முடியக்கூடும் என்பதை அறிவார்கள்.

இவற்றுக்கெல்லாம் மேலானது, சந்தை வியாபாரிகளும் மாட்டுத் தரகர்களும் கட்டியிருக்கும் அகலமான பச்சை பெல்ட். ‘பணம் இங்கேதான் இருக்கிறது’ என்று நான்கு தெருவுக்குக் கேட்கும்படி அது முழங்குகிறது. ஆனாலும் வயிற்றின்மேல், கண்ணுக்கு நேரே, பித்தளைப் பித்தான் போட்டு அமர்ந்திருக்கும் அதனைத் தொட வேண்டுமாயின் முகத்துக்கு முகம் பார்த்துத்தான் தொட வேண்டும். இது நம்மை இச்சாஸ்திரத்தின் மர்ம ஸ்தானத்துக்கு அழைத்துச் செல்கிறது.

ஒரு புதிரும் அதன் சித்தாந்தமும்

எந்தப் பேருந்தில் பூட்டி வைத்த பர்ஸ் காணாமற் போகிறதோ, அதே பேருந்தில், முன்படியில் ஏறியவர் பத்து ரூபாய் நோட்டை உயர்த்தி, “ஒரு சென்ட்ரல்” என்று சொல்லி முன்பின் அறியாத ஒருவரிடம் கொடுக்கிறார். அவர் முகம் பாராமல் அடுத்தவரிடம் தள்ளுகிறார். நோட்டு நாலைந்து கைகள் மாறி, தலைகளுக்கு மேலாக நீந்திக் கண்டக்டரைச் சென்றடைகிறது. சற்று நேரத்துக்கெல்லாம் டிக்கெட்டும், அதற்குள் மடித்த சில்லறையும், அதே கைகளின் வழியே எதிர்த்திசையில் வந்து உரியவரைச் சேர்கின்றன. நடுவில் ஒரு நாணயத்தைத் தனக்கென்று எடுத்துக்கொண்டவனைக் கண்டவர் இல்லை. அந்தக் கைகளுள் ஒன்று, தந்திரத்தில் கண்ட அந்த மூன்றாமவனுடையதாகவே இருந்திருக்கலாம். அவனும் நோட்டை ஒழுங்காகத்தான் கடத்தியிருப்பான்.

மறைத்து வைத்தது போகிறது. நீட்டிக் கொடுத்தது திரும்பி வருகிறது. இதன் காரணம் யாது? மறைத்ததற்குக் காவல் ஒருவன். அவனும் அடிக்கடி காலைப் பார்க்கக் குனிகிறவன். நீட்டியதற்குக் காவல் வண்டி முழுவதும். ஒருவனை நம்பி ஒப்படைத்தால் அவன் கனவானாகிவிடுகிறான். அவனிடமிருந்து ஒளித்தால் ஒளித்த இடத்தைக் கண்டுபிடிப்பது அவன் தொழிலாகிவிடுகிறது. ஆகவே, பிறர் கண்ணே பெரும் பூட்டு என்பது நமது இரண்டாம் சூத்திரம்.

இதற்கு ஓர் ஆக்ஷேபம் எழும்: “அப்படியாயின் ஐந்நூறு ரூபாய் நோட்டையும் இவ்வாறே கொடுத்தனுப்புவீரோ?” என்பர். சமாதானம் எளிது. தாராளமாக அனுப்பலாம், அது போன வேகத்திலேயே, “சில்லறையா குடுங்க” என்ற சொல்லோடு, அத்தனை கைகளின் வழியாகவும் பத்திரமாகத் திரும்பி வரும்.

இவ்விரு சூத்திரங்களினின்றும் பிறக்கும் விதிகள் சிலவே. பயணச் செலவுக்கான சில்லறையை வேறாகவும், மற்றதை வேறாகவும் வீட்டிலேயே பிரித்து வைத்துக்கொள்க. பர்ஸ் பொதுவிடத்தில் வாய் திறக்கலாகாது. சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 முதல் பெண்கள் கட்டணமின்றிப் போகிறபடியால், டிக்கெட்டுக்காகப் பர்ஸைத் திறக்கும் அவசியம் அவர்களுக்கு ஒழிந்தது. இந்த ரக்ஷணப் பயனைத் திட்டம் வகுத்தவர்கள் எண்ணியிருந்தார்களோ இல்லையோ, சாஸ்திரம் அதை வரவேற்கிறது. முதுகுப் பையைக் கூட்டத்தில் மார்புப் பக்கம் மாற்றிக்கொள்க. வைத்த இடத்தை வீட்டிலேயே ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, வழியில் கையைக் கம்பியில் வைத்துக்கொள்க.

இக்காலத்துப் பிரதான நிதி அலைபேசியாதலால், வாசல் ஓரத்திலும் ரயில் ஜன்னல் ஓரத்திலும் அதை நீட்டிப் பிடித்துப் பேசுதல் விலக்கு. நட்சத்திரக் குறி, ஹாஷ், சுழியம், ஆறு, ஹாஷ் என்று அழுத்தினால் தோன்றும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் காகிதத்தில் குறித்து வீட்டில் வைத்தல் விதி. அலைபேசிக்குள்ளேயே குறித்து வைத்தல் பரிகாசத்துக்கு இடம்.

சட்டத்தின் நிலை

பொருள் போனபின் செய்யத்தக்கவை: 112ஐ அழைத்தல், ரயிலாயின் 139ஐ அழைத்தல், வங்கி அட்டையையும் சிம் கார்டையும் உடனே முடக்குதல். பணத்தை எடுத்துக்கொண்டு, அடையாள அட்டைகளோடு பர்ஸைத் தபால் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போகிற தர்மவான்களும் இத்தொழிலில் உண்டாகையால், முற்றும் நம்பிக்கை இழத்தல் வேண்டா.

சட்டமும் ஜேப்பைப் பற்றி ஆழ்ந்து யோசித்திருக்கிறது. ஒருவன் பிறனுடைய ஜேப்புக்குள் கையை விடுகிறான், ஜேப்பில் ஒன்றுமில்லை, வெறுங்கையோடு திரும்புகிறான். அவன் குற்றவாளியா? 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் தனது 511ஆம் பிரிவில், குற்றம் செய்ய முயல்வதற்கு இதையே உதாரணமாகக் காட்டி, குற்றவாளியே என்று தீர்த்தது. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் 62ஆம் பிரிவில் அவ்வுதாரணத்தைப் பக்திபூர்வமாகக் காப்பாற்றி வைத்திருக்கிறது. காலி ஜேப்புக்கும் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்பது மாதக் கடைசியில் பிரயாணம் செய்வோருக்குப் பெரிய ஆறுதல். புதிய சட்டம் இன்னொன்றும் சொல்கிறது: 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளைத் திருடி, முதன்முறையாகத் தண்டிக்கப்படுகிறவன், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் அவனுக்குத் தண்டனை சமுதாய சேவை.

நூற்பயன்

இந்நூலை ஓதி உணர்ந்தோர் படிக்கட்டில் நில்லார், பலகையைப் படித்தும் ஜேப்பைத் தொடார், பத்து ரூபாய்க்குக் குனியார், பிஸ்கட் உண்ணார், பொருள் இழவார். டிக்கெட்டின் பின்புறத்தில் கண்டக்டர் கிறுக்கிக் கொடுத்த பாக்கிச் சில்லறையை வாங்க மறந்து இறங்கிப் போவோருக்கு மாத்திரம் இதில் பரிகாரம் கூறப்படவில்லை. அங்கே கள்வனும் இல்லை, களவும் இல்லை, பணமும் இல்லை. அது வேறொரு சாஸ்திரம்.