டீசல் ஊரில் பெட்ரோல் பிளக்

நாமக்கல்லில் வீட்டு வாசலில் காரின் பானெட்டைத் தூக்கி நிறுத்துவது பந்தக்கால் நட்ட மாதிரி. அழைப்பிதழ் தேவையில்லை, தெருவே வந்துவிடும். கை நனைக்கத்தான் ஒன்றும் இருக்காது.

கார் பழைய மாருதி 800. மூன்று சிலிண்டர், சிலிண்டருக்கு ஒரு பிளக். அதில் ஒன்று வேலைநிறுத்தத்தில் இறங்கிவிட, வண்டி நின்ற இடத்திலேயே குலுங்கிக்கொண்டிருந்தது. மெக்கானிக்கோ ஆடிப்பதினெட்டுக்குக் குடும்பத்தோடு பரமத்தி வேலூர் ஆற்றுக்குப் போய்விட்டார். கடையில் ‘மைக்கோ பிளக்’ என்று கேட்டு நானே வாங்கி வந்தேன். அந்தக் கம்பெனி 2008-லேயே பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. எங்கள் கடைத்தெருவுக்கு இன்னும் ஓலை வரவில்லை.

முதலில் வந்தவர் எதிர்வீட்டு மாமா. அசாம் வரை லாரி ஓட்டியவர்.

“ஏனுங் மாப்ள, என்ன கம்ப்ளெய்ன்ட்டு?”

“பிளக் மாத்தறேனுங் மாமா.”

“அதெல்லாம் எதுக்கு? ஏர் புடிச்சிருக்கும். ஏரை எடுத்து உடுங்க, கப்புனு புடிச்சுக்கும்.”

அடுத்து லாரி பாடி கட்டும் பட்டறைக்காரர். “நாசிலைக் கழட்டிப் பாத்தீங்களா?” அவருக்குப் பின்னால் வந்த திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர், பம்பையே கழற்றி வேலைக்கு அனுப்பச் சொன்னார்.

மூன்றுமே டீசல் வண்டிக்கான வைத்தியம். இவர்களைக் குறை சொல்ல முடியாது. லாரி, டேங்கர், ரிக் என்று எல்லாமே டீசலில் ஓடும் சீமை. டீசல் எஞ்சினில் காற்றை 17, 18-இல் ஒரு பங்காக நெருக்குவார்கள். அந்தச் சூட்டிலேயே டீசல் தானாகப் பற்றிக்கொள்ளும். பொறி வேண்டாம், ஸ்பார்க் பிளக்கும் வேண்டாம். அதன் முகத்தையே பார்க்காமல் பத்து லட்சம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஒரு மனிதர் ஓய்வு பெறலாம். யோசனை சொல்ல அதெல்லாம் ஒரு தடையா?

பிளக் தெரிந்த கூட்டம் வேறு. 1980-இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. பெட்ரோலோடு ஆயிலையும் சேர்த்துக் குடிக்கும் டூ ஸ்ட்ரோக் வண்டி. பிளக் முனையில் கரி அடைத்துக்கொள்ளும். பாலோ முட்டையோ ஏற்றிப் போகிறவர் வழியில் இறங்கி, பிளக்கைக் கழற்றி, உப்புத்தாளில் தேய்த்து, ஊதி மாட்டிக்கொண்டு போவார். எங்கள் பால்கார அக்கா அந்தப் பயிற்சியில் வந்தவர். கேனோடு டிவிஎஸ் எக்ஸெல்லை நிறுத்தி எட்டிப் பார்த்தார்.

“எஞ்சின் ஆறிருச்சுங்களா தம்பி? சூட்டுல கழட்டுனா மரை போயிரும்.”

ஆறியிருந்தது. ஒயர் இடம் மாறிவிடாமல் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். முதல் இரண்டின் முனை வெளிர் பழுப்பு. சரியாக எரிகிறது என்று அர்த்தம். மூன்றாவது கன்னங்கரேல். அக்கா அதை வாங்கி வெயிலில் திருப்பிப் பார்த்து, “இவந்தான் திருடன்” என்றார். புதியதில் இடைவெளி 0.8 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று பீலர் கேஜ் விட்டுப் பார்த்தேன்.

“மொதல்ல விரல்லயே திருகுங்க. ஸ்பேனர் அப்பறம்.”

ஹெட் அலுமினியம். மரை கோணலாக ஏறினால் செலவு பிளக் விலையோடு நிற்காது. விரலுக்கு இறுகியபின் ஸ்பேனரில் அரைச் சுற்று, அவ்வளவுதான். பட்டறைக்காரருக்கு அது போதவில்லை. லாரி வீல் நட்டு முடுக்கும் பைப்பைக் கொண்டுவரட்டுமா என்றார்.

சாவியைத் திருப்பினேன். குலுங்காமல் ஓடியது. மாமா சற்று நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டுப் பட்டறைக்காரர் பக்கம் திரும்பினார்.

“நாஞ் சொன்னனல்ல? மாப்ள கழட்டறப்பவே ஏர் போயிருச்சு.”