தாயார் வாசிப்பும் குக்கர் விசிலும்: ஒரு முன்னாய்வு

வாசிப்பைப் பற்றி எழுதும் பெரியவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து படிப்பவரையே மனத்தில் வைத்து எழுதுகிறார்கள். சமையல் மேடையில் முழங்கையை ஊன்றி, வலக்கையில் கரண்டியும் இடக்கையில் மாலைமதியுமாக நிற்பவருக்கு இலக்கணம் வகுப்பார் இல்லை. அக்குறை நீக்கவே இக்கட்டுரை. ஆய்வெல்லை: பள்ளிக்குப் போகும் பிள்ளை ஒன்றும் போகாத பிள்ளை ஒன்றும் உள்ள வீடு. மாமியார் உடனிருக்கும் வீடுகள் தனி ஆய்வுக்கு உரியன. அதற்குத் துணிச்சலான வேறொருவர் வரட்டும்.

முதலில் காலக்கணக்கு. தாயின் வாசிப்பை நிமிடத்தால் அளப்பது பிழை. விசிலால் அளப்பதே முறை. முதல் விசிலுக்கு, குக்கருக்குள் இருக்கும் தண்ணீர் முழுதும் சூடேறி, ஆவி சேர்ந்து, வெயிட்டைத் தூக்கும் அழுத்தம் வரவேண்டும். ஆகவே அது தாமதிக்கும். அடுத்தடுத்த விசில்களுக்கு அந்த வேலை பெரும்பாலும் முடிந்துவிடுவதால் அவை நெருங்கி வரும். தேர்ந்த வாசகி வர்ணனை மண்டிக் கிடக்கும் பக்கங்களை முதல் விசிலுக்குள் தாண்டிவிடுவாள். வாய்ச்சண்டையாக ஓடும் பக்கங்களுக்குப் பிந்தைய விசில்களே போதும். அடுப்பை சிம்மில் வைத்தால் விசிலின் இடைவெளி நீளும் என்பதும் அவளுக்குத் தெரியும். எனவே பருப்பு வேண்டியதற்கு மேல் குழைந்திருந்தால் அன்றைய அத்தியாயம் நன்றாக இருந்தது என்று கொள்க. சாம்பார் அடிப்பிடித்திருந்தால் நாவலில் யாரோ இறந்திருக்கிறார்கள்.

சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். அரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். உலகமே ஏற்றுக்கொண்டது. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துக என்பது நான்காம் விதி. மிச்சப்படுத்த முதலில் கையிருப்பு என்று ஏதாவது வேண்டும் என்பதே இங்குள்ள சிக்கல். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டு என்ற மூன்றாம் விதி மட்டும் பிள்ளைகள் உள்ள வீட்டில் சிறிதும் வழுவாமல் செல்கிறது. பல் முளைக்கும் பருவத்தில் நூலின் அட்டைக்கும் ஆள் உண்டு.

அடுத்து, நூல் கைக்கு வரும் ஒழுங்கு. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கியில் தொடராக வந்தபோது, ஒரு வாரத்துக்கு இவ்வளவுதான் என்று பத்திரிகையே பங்கு வைத்துக் கொடுத்தது. தாய்மாருக்கு அதைவிட நியாயமான ஏற்பாடு பிறகு வாய்க்கவில்லை. வந்ததைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்தார்கள். கதைக்கு நடுவே சோப்பு விளம்பரமும் முதுகுப்பக்கத்தில் வேறொரு தொடரின் பாதியும் இலவசம். பின்வந்த தலைமுறை லெண்டிங் லைப்ரரியை நம்பியது. அங்கே முதல் பாகத்தை யாராவது எடுத்துப் போயிருப்பார்கள். இருப்பதைக் கொண்டுவந்து ஐந்தாம் பாகம், இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்ற வரிசையில் சோழ நாட்டைச் சுற்றி வந்தவர்கள் உண்டு. விடுபட்டதை ஊகித்துக்கொள்வார்கள். இதையே செல்லரித்த ஏட்டில் செய்தால் ஆராய்ச்சி என்கிறோம். பொட்டுக்கடலை கட்டி வந்த தாளைப் பிரித்து, தலையும் வாலும் இல்லாத சிறுகதையைப் படித்து, கதாநாயகி அவனைக் கட்டிக்கொண்டிருக்க மாட்டாள் என்று தீர்ப்புச் சொல்வது அதே கலையின் உச்சம்.

இதுவரை சொன்னது தனி வாசிப்பு. பிள்ளைகளோடு படிக்கும் கூட்டு வாசிப்பில் முறைமை தலைகீழாகிறது: இங்கே தாய் ஏடு எழுதுபவள், பிள்ளையே பதிப்பாசிரியர். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க ஊர் ஊராக ஏடு தேடி, ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் பாடபேதம் கண்டார். மூன்று வயதுப் பிள்ளைக்கு ஏடே தேவையில்லை. நேற்றைய பாடம் முழுதும் மனத்தில் இருக்கிறது. தூக்கக் கலக்கத்தில் தாய் இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டினால் போதும்.

“அம்மா, யானை குளிக்கலையே.”

“குளிச்சாச்சுடா கண்ணு.”

“நீ படிக்கலை.”

யானை மறுபடி குளிக்கிறது.

பாட்டி வடை சுட்ட கதையில் சிக்கல் இன்னும் ஆழமானது. காக்கை வாயைத் திறக்க, வடை விழ, நரி கவ்வியது என்பது மூலபாடம். வடையைக் காலில் இடுக்கிக்கொண்டு காக்கை பாடிற்று, நரி ஏமாந்தது என்பது பிற்கால இடைச்செருகல். முதல் பாடம் காக்கைக்கு ஆகாது, இரண்டாம் பாடம் நரிக்கு ஆகாது. ஒரே கட்டிலில் இரண்டு பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் படுத்திருக்கும் வீட்டில் தாய் மூன்றாம் பாடம் ஒன்றை இயற்றுகிறாள்: பாட்டி ஆளுக்கொரு வடை கொடுத்தாள். இலக்கியத் தரம் குறைவு. விளக்கை அணைக்க முடிகிறது. பாட்டி என்ன எண்ணெயில் சுட்டாள் என்ற உபகேள்விக்கு விடை இல்லை, காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

1947இல் தொடங்கிய அம்புலிமாமாவில் விக்கிரமன் வேதாளத்தைச் சுமந்து நடப்பதை ஓவியர் சங்கர் வரைந்த படம் பலருக்கு நினைவிருக்கும். தோளில் கிடப்பது கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். சொன்னால் அது மரத்துக்குத் திரும்பிவிடும், முதலிலிருந்து தொடங்கவேண்டும். இது அரசனைப் பற்றிய கதை என்று இத்தனை காலம் எப்படி நம்பினோமோ தெரியவில்லை.

அடையாளத் தாள் பற்றியும் ஒரு குறிப்பு. தாயின் புத்தகத்தில் அகப்படுபவை: ஹேர்பின், கரண்ட் பில், தடுப்பூசி அட்டை. மூன்றும் மூன்று வெவ்வேறு பக்கத்தில் இருக்குமாகையால் அவள் எதுவரை படித்தாள் என்று உறுதிப்படுத்த முடியவில்லை. தடுப்பூசி அட்டை இருக்கும் பக்கமே கடைசியாகத் திறந்தது என்பார் ஒரு சாரார். அது ஏற்புடையதன்று, அட்டையைத் தேடித்தான் திறந்தாள்.

மூத்த பிள்ளை தானே படிக்கத் தொடங்கியதும் புதிய சிக்கல் ஒன்று எழுகிறது. தாய் மூன்றாம் பாகத்தில் நிற்கையில் அவன் ஐந்து பாகத்தையும் கோடை விடுமுறையில் முடித்துவிட்டு, செல்போன் தராவிட்டால் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று சொல்லிவிடுவதாக மிரட்டுகிறான். மிரட்டல் பலிப்பதில்லை. ஐந்தாம் பாகத்தை அவள் முதலிலேயே படித்தவள். கொன்றது யார் என்று கல்கி திட்டமாகச் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.