கதவைப் பற்றிப் புத்தகம் எழுதியவர்

அந்தமானில் எங்கள் ஊரான திக்லிபூரில் மே மாதம் பிடித்த மழை டிசம்பரில்தான் விடும். விட்ட கையோடு புழுக்கம். இந்த மாதிரி ஊர்களில் எப்படி வீடு கட்ட வேண்டும் என்று பெர்லினில் பிறந்த ஒருவர் பாடம் எழுதியிருக்கிறார். பெயர் ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர். சொல்லிப் பார்ப்பதற்குள் ஒரு வெற்றிலை போட்டுவிடலாம்.

1908ல் பிறந்தவர். கட்டடக்கலை படித்து, 1933ல் ஷிங்கெல் பரிசு வாங்கினார். அதே வருஷம் ஹிட்லர் ஆட்சியைப் பிடித்தார். யூத வம்சம் என்று சொல்லி ஆளை வேலையிலிருந்து தூக்கிவிட்டார்கள். நேரே எகிப்து போய்த் தொல்லியல்காரர்களோடு சேர்ந்து, பழைய எகிப்தியர்கள் கதவு செய்த விதத்தை ஆராய்ந்து 1936ல் புத்தகமே போட்டார். சொந்த ஊரே கதவைச் சாத்தினால் மனுஷன் வேறு எதை ஆராய்வான்?

அடுத்தது மாமன் உபயம். தாய்மாமன் மாக்ஸ் பார்ன் பெரிய இயற்பியல்காரர், சி.வி. ராமன் கூப்பிட்டு 1935ல் பெங்களூரில் தங்கிப் போனவர். அவர் ஒரு வார்த்தை போட்டு வைத்தார். சிபாரிசு நம் ஆட்களின் கண்டுபிடிப்பு என்று நினைத்திருந்தேன். 1939ல் மருமகன் மைசூர் அரசின் கட்டடக் கலைஞர்.

அங்கே திவான் மிர்சா இஸ்மாயில். அவருக்குக் கும்மட்டமும் வளைவும் இல்லாத கட்டடம் நகை போடாத கல்யாணப் பெண். இவருக்கோ நிழல் எங்கே விழுகிறது, காற்று எந்தப் பக்கம் வருகிறது என்பதுதான் கவலை. இந்த இழுபறியைத் தாண்டி இந்திய அறிவியல் கழகத்துக்குச் சாப்பாட்டுக்கூடம் முதலான கட்டடங்கள் கட்டினார், டாடாக்களுக்கு ஜாம்ஷெட்பூர் நகரத் திட்டம் போட்டார், 1948ல் புவனேஸ்வருக்கும் போட்டுக் கொடுத்தார்.

கூத்து அதற்குப் பிறகுதான். பிரிவினையில் அகதிகள் வெள்ளம். நேரு அரசு இவரை வீட்டுவசதி இயக்குநர் ஆக்கியது. கொத்தனாரும் சித்தாளும் செங்கல் செங்கலாக அடுக்கினால் எந்தக் காலத்தில் முடிவது? டில்லியில் தொழிற்சாலை வைத்துச் சுவரையே வார்ப்போம், இட்லித் தட்டிலிருந்து எடுப்பதுபோல் எடுத்து நிறுத்துவோம் என்றார்கள். எடுத்தார்கள். சுவர்ப் பலகைகள் உடைந்தன, இணைப்புகள் சரியாக உட்காரவில்லை. வீடு எழும்பவில்லை, நாடாளுமன்றத்தில் கேள்விதான் எழும்பியது. 1951ல் மனுஷன் லண்டனுக்குக் கிளம்பிவிட்டார். தொழிற்சாலை மட்டும் பெயர் மாறி, வேறு சாமான் வார்த்துப் பிழைத்துக்கொண்டது. அரசுத் தொழிற்சாலைக்கு ஆயுசு கெட்டி.

டில்லியில் பலகை உடைந்த கொஞ்ச காலத்திலேயே கிழக்கு வங்காளத்து அகதிகள் பலரைக் கப்பலேற்றி அந்தமானுக்கு அனுப்பினார்கள். திக்லிபூரில் இறங்கியவர்களுக்கு வார்த்த சுவரும் இல்லை, வார்க்காத சுவரும் இல்லை, காடுதான் இருந்தது. மரம், மூங்கில், ஓலை என்று கைக்கு வந்ததை வைத்துக் கட்டினார்கள். என் பக்கத்து வீட்டு தாது (வங்காளியில் தாத்தா) அப்படி வந்த குடும்பம். அவர் வீட்டுத் தாழ்வாரம் முழம் முழமாக வெளியே நீண்டிருக்கும். எந்தச் சாரலும் திண்ணையைத் தொட்டதில்லை.

லண்டனில் நம்மவர் வெப்பமண்டலக் கட்டடக்கலைத் துறைக்குத் தலைவரானார். வெயிலே இல்லாத ஊரில் வெயிலுக்கு வாத்தியார்! 1970களில் கூட்டாளிகளோடு எழுதிய பாடநூல் இந்தியக் கல்லூரிகளுக்குள் நுழைந்தது: நிழல் கொடு, குறுக்குக் காற்று விடு, மேற்கு வெயிலை உள்ளே விடாதே. தாதுவின் அப்பா அந்தப் புத்தகம் வருவதற்கு முன்பே அதைக் கட்டி முடித்துவிட்டார். கோனிக்ஸ்பெர்கர் 1999ல் காலமானார்.

என் வீட்டுக்குப் பிளான் போட்டது சென்னையில் அதே நூலைப் படித்துப் பாஸான என் தங்கை மகன். சிமெண்ட் பெட்டி, தட்டைக் கூரை, மேற்கே ஆள் உயரக் கண்ணாடி ஜன்னல். "வியூ மாமா, வியூ" என்றான். மத்தியானம் மூன்று மணிக்கு வியூவைப் பூட்டிவிட்டு தாதுவின் திண்ணைக்குப் போய்விடுகிறேன். அவர் ஒன்றும் கேட்பதில்லை. பாயை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போடுகிறார்.